ஏணி பிடிக்கிறவள்

சமையலறைக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அன்றைய நாளில் மருமகளுக்கு வந்த முதல் எரிச்சல் அது.

கல்யாணமாகி அந்தப் பண்ணைவீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து அந்தக் கதவு இழுத்தால் முனகும், தள்ளினால் அலறும். அடியில் ஒரு மரத்துண்டைச் செருகினால்தான் நிற்கும். கணவரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவர் பால் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். "ஞாயித்துக்கிழமை பார்த்துடலாம்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. கதவு அலறிக்கொண்டேதான் இருந்தது.

போன வாரம் வந்து இறங்கிய நாத்தனார், காலைக் காப்பி ஆறுவதற்குள் கீலைக் கழற்றி, அடிமரத்தை இழைத்து, திரும்ப மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து மாமனார் வேலை இருக்கிறதோ இல்லையோ சமையலறைப் பக்கம் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

"பாப்பா கை பட்டா மரம்கூடச் சொன்ன பேச்சு கேக்குது," என்று இன்றும் சொன்னார்.

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. காதோரம் நரை. நகரத்தில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் ஒரு கூட்டத்தையே வேலை வாங்குகிறவள். ஆனாலும் அப்பாவுக்குப் பாப்பாதான். மருமகள் வந்த நாள் முதல் 'ஏம்மா'. ஏம்மா, மாட்டுக்குத் தண்ணி வெச்சாச்சா. ஏம்மா, மோட்டாரை நிறுத்தினியா. கூப்பிடுகிற பெயரிலேயே ஒரு வேலையும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு பெரிய பெட்டி, ஒரு கருவிப்பெட்டி. அவ்வளவுதான் பாப்பா கொண்டு வந்தது. எப்போது திரும்பிப் போவாள் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேட்கத் தனக்கு உரிமை உண்டா இல்லையா என்று மருமகள் ஒரு வாரமாக மனசுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தாள். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

அதற்குள் கூரை ஏறும் நாள் வந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்குமுன் அந்த வீட்டில் வேலை வரிசைகட்டி நிற்கும். கிணற்றடி வாய்க்காலில் மண் எடுக்க வேண்டும். மாட்டுக் கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வேலிக் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கோல் கொட்டகையின் ஓட்டுக் கூரை. உடைந்த ஓடுகளை மாற்றி, மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தில் அடைத்த சருகை வாரி எடுத்தால்தான் மற்ற வேலைக்குக் கை போகும்.

காரணம் இருந்தது. கொட்டகை மேட்டில் நிற்கிறது. அதன் முகட்டில் உட்கார்ந்தால் பண்ணை முழுக்கக் கண்ணில் படும். எந்த வேலி சாய்ந்திருக்கிறது, எந்த மரம் காய்கிறது, தண்ணீர் எங்கே திசை மாறுகிறது, எல்லாம். மேலே ஏறியவர் அங்கிருந்தே அந்தப் பருவத்து வேலையைச் சொல்லிக்கொண்டு வருவார். கீழே நிற்பவர் கேட்டுக்கொள்வார். அந்த வீட்டில் முதலாளி நாற்காலி என்று ஒன்று கிடையாது. இருந்தால் அது அந்த முகடுதான்.

இத்தனை வருஷமும் ஏறியது மாமனார். கீழே ஏணி பிடித்தது மருமகள். ஏணியின் கால் வழவழத்த கல் தளத்தில் நிற்கிறது, கட்டிவைக்கத் தூண் கிடையாது. ஆள் பிடித்தே ஆக வேண்டும்.

மாமனாருக்குக் காது மந்தமான பிறகு இரண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரும்பு ஏணியில் கல்லால் தட்டினால் ஓட்டின் வழியாக மேல்வரை அதிரும். ஒரு தட்டு என்றால் 'இருக்கேன், பயப்படாதீங்க.' இரண்டு தட்டு என்றால் 'கொஞ்சம் போயிட்டு வரேன், இறங்கிடாதீங்க.' மூன்று தட்டு சாப்பாட்டுக்கு. மாமனாரும் மருமகளும் வாய் திறந்து பேசிக்கொண்டதைவிட அந்த ஏணியில் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

இந்த வருஷம் மாமனாரின் முழங்கால் மடங்க மறுத்தது. யார் ஏறுவார் என்று மருமகள் யாரையும் கேட்கவில்லை. போன மாதமே பழைய கால்சட்டை ஒன்றைத் தேடி எடுத்து, துவைத்து, கிழிசலைத் தைத்து வைத்திருந்தாள். இன்று காலை அதைப் போட்டுக்கொண்டுதான் முற்றத்துக்கு வந்தாள்.

மாமனார் அவளைத் தாண்டிப் பார்த்தார்.

"பாப்பா, நீ ஏறு. ஏம்மா, நீ பிடிச்சுக்கோ. உனக்குத்தான் அது பழக்கம்."

"அண்ணி ஏறட்டும்பா. அவங்க ஏறத் தயாராத்தான் வந்திருக்காங்க போலிருக்கு," என்றாள் பாப்பா, கால்சட்டையைப் பார்த்து.

"அவளுக்கு மரவேலை தெரியுமா? மேலே ஓட்டைத் தாங்கற ரீப்பர் கட்டை ரெண்டு உளுத்துக் கிடக்கு."

"இல்ல, நீயே ஏறு பாப்பா," என்றாள் மருமகள். "இது சும்மா, சுண்ணாம்பு அடிக்கப் போட்டது."

சொன்னதும் காதுமடல் சூடானது. சுண்ணாம்பு இன்னும் வாங்கவே இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

பாப்பா ஏறினாள். நன்றாகவே ஏறினாள், அதுதான் கொடுமை. ஓட்டின் மேல் பூனை மாதிரி கால் வைத்தாள். உளுத்த கட்டையைக் கழற்றிக் கீழே போட்டாள், புதுக்கட்டையை அறைந்தாள். மாமனார் கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுலேயே இப்படித்தான். மரத்துல இருந்து இறக்கறதே பெரும்பாடு," என்று மருமகளிடம் சொன்னார். அவளிடம் வேலையைத் தவிர வேறு விஷயம் அவர் பேசி நாளாகிறது. பேசியதும் பாப்பாவைப் பற்றித்தான்.

"விழுந்ததே இல்லையா மாமா?"

அவருக்குக் கேட்கவில்லை. நல்லவேளை என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

ஓடு முக்கால்வாசி பிரித்தாயிற்று. பாப்பா முகட்டில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சுற்றிலும் பார்த்தாள். பிறகு அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்க ஆரம்பித்தாள்.

"அப்பா, தெற்கு வேலி மூணு இடத்துல படுத்திருக்கு."

"சரி."

"கொட்டில் பின்பக்கம் தண்ணி தேங்குது. ஒரு சின்ன வாய்க்கால் வெட்டணும்."

"சரி, வெட்டிடலாம்."

"அப்புறம் அந்த எலுமிச்சை வரிசை இருக்குல்ல, அது வாய்க்காலை மறிக்குதுப்பா. அதை எடுத்துட்டா தண்ணி நேரா தோட்டத்துக்குப் போயிடும்."

மருமகளின் கை ஏணியில் இறுகியது.

அந்த எலுமிச்சை வரிசை அவள் வைத்தது. கல்யாணமான புதிதில், இந்த வீட்டில் தன் கையால் எதையாவது ஆரம்பிக்க வேண்டும் என்று வைத்தது. முதல் இரண்டு கோடை குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். இப்போது வாரச் சந்தைக்குக் கூடை கூடையாகப் போகிறது. இந்தப் பண்ணையில் 'என்னுடையது' என்று அவள் மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்வது அது ஒன்றைத்தான்.

மாமனார் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள். 'அது மருமக வெச்சது' என்று ஒரு வார்த்தை போதும்.

"ம்," என்றார் மாமனார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதே நேரத்தில் தோட்டத்துப் பக்கம் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்த வேண்டும். நியாயமான வேலை. தினமும் அவள் செய்கிற வேலை.

வாயைத் திறந்து 'பாப்பா, நான் மோட்டாரை நிறுத்திட்டு வரேன், இறங்காதே' என்று சொல்லியிருக்கலாம். பாப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். மருமகள் குனிந்து கல்லை எடுத்தாள். ஏணியில் இரண்டு தட்டுத் தட்டினாள். நடந்தாள்.

பாப்பாவுக்கு அந்தத் தட்டின் பொருள் தெரியாது. பாப்பா இந்த வீட்டை விட்டுப் போன பிறகு வந்த பழக்கம் அது. இந்த எண்ணம் பாதி வழியில் மருமகளுக்கு வந்தது. இல்லை, பாதி வழியில் வந்ததாக அவள் பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டாள். கல்லைக் கையில் எடுக்கும்போதே தெரியும்.

மோட்டாரை நிறுத்தினாள். உடனே திரும்பவில்லை. எலுமிச்சைச் செடி ஒன்றில் சுருண்டிருந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். அவசரமே இல்லாத வேலை.

கல்லின் மேல் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஓடுகள் சரிந்து உடையும் சத்தம்.

அவள் ஓடி வந்தபோது ஏணி சாய்ந்து தகரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. பாப்பா கூரை விளிம்பை முழங்கையால் கட்டிக்கொண்டு தொங்கினாள். ஏணியின் அடியில் மாமனார். மடங்காத முழங்காலை மடக்கி, கல்தளத்தில் மண்டியிட்டு, சறுக்கும் ஏணியைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பிடிம்மா," என்றார். அவ்வளவுதான் வந்தது.

மருமகள் பிடித்தாள். அந்தப் பிடியில் ஏணி பாறையில் முளைத்தது போல நின்றது. பாப்பா காலால் துழாவி, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மாமனாரால் வலது கையைத் தூக்க முடியவில்லை. சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அவர் முதலில் கேட்டது மருமகளைத்தான்.

"தட்டினியா?"

"தட்டினேன் மாமா. ரெண்டு தட்டு."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவர் மகள் பக்கம் திரும்பினார். வலியும் கோபமும் சேர்ந்து குரல் கரகரத்தது.

"ரெண்டு தட்டு தட்டினா அசையக் கூடாது. அவ திரும்பி வர்ற வரைக்கும் மேலேயே உக்காரணும். இவ ஏணி பிடிச்சு இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவை சறுக்கினது கிடையாது, தெரியுமா? இவ கையில ஏணி இருந்தா நான் கண்ணை மூடிட்டு இறங்குவேன். நீ வந்து ஒரு வாரம் ஆச்சு. வீட்டுல யார் எப்படி வேலை செய்யறாங்கன்னு பார்க்க வேண்டாமா?"

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"தப்புதான்பா," என்றாள்.

எத்தனை வருஷமாக மருமகள் காத்திருந்த வார்த்தைகள் அவை. அவர் வாயிலிருந்து, அதுவும் மகளுக்கு முன்னால், முழுசாக வந்தன. அவளால் அவற்றைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். சமையலறைக் கதவு சத்தமில்லாமல் வழிவிட்டது.

லாரியைக் கொண்டு வந்து நிறுத்திய கணவர் நிலைமையைப் பார்த்து, பேச்சு வளர்க்காமல் அப்பாவைப் பக்கத்து வீட்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். போகும்போது வானத்தைப் பார்த்து, "கொட்டகை வாயைப் பொளந்துட்டு நிக்குது. வைக்கோலையாவது நகர்த்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பெண்களும் நகர்த்தினார்கள். கூரை திறந்த பக்கத்து வைக்கோல் கட்டுகளை ஓடு இருக்கும் பக்கம் அடுக்கினார்கள். ஒரு கட்டுக்கு இந்த முனை ஒருத்தி, அந்த முனை ஒருத்தி. தூசி தொண்டையை அடைத்தது. பேசாமல் இருக்க அது நல்ல சாக்கு.

பாதி அடுக்கிய பிறகு பாப்பா கட்டைத் தரையில் வைத்தாள்.

"அண்ணி, ரெண்டு தட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தொட்டி வழிஞ்சுது பாப்பா. மோட்டார் எரிஞ்சு போயிடும்னு..."

"நான் மோட்டாரைக் கேக்கல."

மருமகள் வைக்கோலில் ஒட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நன்றாகக் கட்டியிருந்த கயிறுதான்.

"மேலே இருந்து பார்த்தா உங்க முகம் தெரியல," என்றாள் பாப்பா. "தலை வகிடு மட்டும்தான் தெரிஞ்சுது. எலுமிச்சையை எடுக்கணும்னு சொன்னதும் அந்த வகிடே கோபப்பட்ட மாதிரி இருந்துச்சு. அது நீங்க வெச்சதுன்னு எனக்கு யாரும் சொல்லல."

"சொல்றதுக்கு யாரு இருக்கா இங்கே? உங்க அப்பாவுக்கே ஞாபகம் இல்ல."

"அப்பாகிட்ட இருக்கற கோபத்தை அப்பாகிட்ட காட்டலாமே அண்ணி. நான் விழுந்திருந்தா?"

"விழலயே."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று மருமகளுக்கு உறைத்தது. பாப்பா சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

"ஆமா. விழல. எனக்குப் பதிலா அப்பா தோள் விழுந்துச்சு."

"நீ ஏன் அவர்கிட்ட சொல்லல? உனக்குத் தட்டு பத்தித் தெரியாதுன்னு சொல்லியிருந்தா அவர் என்னைத்தான் கேட்டிருப்பார்."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவர் உங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். உங்க முகத்தைப் பார்த்தேன். அந்த நேரத்துல குறுக்கே பேச வரல." பாப்பா கையிலிருந்த வைக்கோல் துரும்பைத் தட்டினாள். "எனக்காக விட்டேன்னு நினைக்காதீங்க. உங்களுக்காகவும் இல்ல. அந்த மனுஷன் ஒருத்தரைப் பாராட்டறதே வருஷத்துக்கு ஒரு தடவை. அதைக் கெடுப்பானேன்."

அடித்திருந்தால் தாங்கியிருக்கலாம். இந்தப் பெரிய மனசைத் தாங்க மருமகளால் முடியவில்லை. கதவை அவள்தான் சரி செய்கிறாள், கூரையை அவள்தான் சரி செய்கிறாள், கடைசியில் நல்லவள் என்ற பெயரையும் அவளே எடுத்துக்கொண்டு போகிறாள். ஒரு வாரமாக நடந்த வழக்கு தீர்ப்பே வராமல் நாக்குக்கு வந்துவிட்டது.

"நீ எப்போ ஊருக்குப் போற?"

பாப்பா அடுத்த கட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மருமகள் பிடிக்கும்வரை காத்திருந்தாள்.

"போகலன்னா?" என்றாள். "தூக்குங்க அண்ணி. மழை வருது."

இருட்டுமுன் ஜீப் திரும்பி வந்தது. மாமனாரின் தோள் இறங்கியிருந்ததை இழுத்துச் சேர்த்து, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். எலும்பு முறிவில்லை. கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் கேட்டது வைக்கோல் நனைந்ததா என்றுதான்.

"நனையலப்பா," என்றார் கணவர். "உங்க மருமகளும் பாப்பாவும் சேர்ந்து மொத்தத்தையும் அந்தப் பக்கம் தள்ளிட்டாங்க. ஆனா நாளைக்கும் மழை இப்படியே வெறும் தூறலோட போயிடாது. காலையிலேயே கூரையை முடிச்சாகணும். நான் லோடு எடுக்கப் போயிடுவேன். யாரு ஏறப்போறது?"

மருமகள் கட்டிலருகே வந்து நின்றாள். வைக்கோலைத் தூக்கும்போதெல்லாம் ஒரே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் வந்ததும் சொல்லிவிட வேண்டும். 'மாமா, தட்டினேன், ஆனா அவளுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் தட்டினேன்.' ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் முடிந்தது. அவருக்கு நல்லபடியாகக் கேட்கும் காதின் பக்கம் பார்த்துத்தான் வந்து நின்றாள்.

"மாமா..."

"நீயே ஏறு," என்றார் மாமனார். 'ஏம்மா' என்ற சொல் இல்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "கீழே நின்னே அந்தக் கூரையை நீ அளந்து வெச்சிருப்ப. கட்டை அடிக்கிற வேலை பாப்பா முடிச்சுட்டா, இனி ஓடு வேயறதுதான். முகட்டுல உக்காந்து பாரு. இந்த வருஷம் என்ன வேலை, எதை வைக்கிறது, எதை எடுக்கறதுன்னு நீ சொல்லு. நாங்க கேட்டுக்கறோம்."

எத்தனை மழைக்காலத்துக்கு முன்னால் இருந்து அவள் இதற்குக் காத்திருந்தாளோ. அவர் சொல்லும்போது சிரித்துவிடாமல் இருக்க வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்திருக்கிறாள். இப்போது அந்தச் சிரமமே இல்லை. உதடு தானாகவே இறுகிக் கிடந்தது.

இந்த இடத்தில் உண்மையைச் சொன்னால் நாளைக்கு அந்த முகட்டில் உட்காரப்போவது யார் என்பது அவளுக்குத் தெரியும். எலுமிச்சை வரிசைக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"சரி மாமா," என்றாள்.

"அப்போ ஏணி?" என்று கேட்டார் கணவர்.

"நான் பிடிக்கறேன்," என்றாள் பாப்பா. நிலைப்படியில் சாய்ந்து, உள்ளங்கையில் ஏறிய மரச்சிராயைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "அண்ணி இன்னிக்கு எனக்கு எப்படிப் பிடிச்சாங்களோ, அப்படியே பிடிக்கறேன்."

மாமனார் நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"அப்போ எனக்குக் கவலையே இல்ல."